ஆயில் புல்லிங்: பல் டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்

ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் நல்லெண்ணெய் கொப்பளித்தேன். ஏழாவது மாதம் ஓர் இரவு, இரண்டு மணிக்கு, கீழ் வரிசை வலது கடைவாய்ப் பல் என்னை எழுப்பி உட்கார வைத்தது. வேர் சிகிச்சை (ரூட் கெனால்), அதன்மேல் கேப், எக்ஸ்ரே, மாத்திரை எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய். "ஆறு மாசத்துக்கு முன்னாடி வந்திருந்தா ஆயிரம் ரூபாய்ல அடைச்சு அனுப்பியிருப்பேனே சார்" என்றார் டாக்டர். அந்த ஆறு மாதமும் என் வாய் நன்றாக இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஈறில் ரத்தம் குறைந்திருந்தது, காலையில் வாய் நாற்றமும் குறைந்திருந்தது. சொத்தை மட்டும் தன்பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

எண்ணெயைத் திட்ட இதை எழுதவில்லை. இன்றைக்குக் காலையிலும் கொப்பளித்தேன். ஆனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு யாரும் வரிசையாகச் சொல்வதில்லை: முதலில் எங்கே போக வேண்டும், எதை எழுதி வைக்க வேண்டும், எவ்வளவு செலவு, எத்தனை நாளில் என்ன எதிர்பார்க்கலாம். நான் தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டதை அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. எண்ணெய் எதைச் செய்யும், எதைச் செய்யாது

காலையில் எழுந்ததும் நாக்கின் நுனியால் பல்லின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று ஒரு பூச்சு இருக்கும். அது பாக்டீரியாக்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு கட்டிய படலம். டாக்டர்கள் 'பிளாக்' என்பார்கள். அதில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்கிற வகைதான் சொத்தைக்கு முக்கியக் காரணம். நாம் சாப்பிடும் சர்க்கரையை அது லாக்டிக் அமிலமாக மாற்றும். பல்லின் மேல் பி.எச். அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம் என்று அர்த்தம்) 5.5க்குக் கீழே இறங்கினால், பல்லின் கடினமான மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும். படலத்தை அகற்றாமல் விட்டால் உமிழ்நீரில் உள்ள தாதுக்கள் படிந்து சில நாள்களிலேயே இறுக ஆரம்பித்துவிடும். அதுதான் பற்காரை.

எண்ணெயை வாயில் வைத்துச் சுழற்றும்போது அது உமிழ்நீரோடு கலந்து பொடிப்பொடித் துளிகளாக உடைகிறது. அந்தத் துளிகளில் பாக்டீரியாக்கள் சிக்கி, துப்பும்போது கூடவே வெளியே போகின்றன என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இதற்கு ஆய்வும் உண்டு. 2008இல் வெளியான சென்னை ஆய்வு ஒன்றில், பதின்பருவப் பையன்கள் 20 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பத்துப் பேருக்கு நல்லெண்ணெய், பத்துப் பேருக்குக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி மவுத்வாஷ். தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன் 10 நிமிடம் என்று இரண்டு வாரம். எண்ணெய்க் குழுவில் பல்லில் படிந்த படலத்திலிருந்த மியூட்டன்ஸ் எண்ணிக்கை ஒரு வாரத்திலும் இரண்டு வாரத்திலும் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. எச்சிலில் இருந்ததும் குறைந்தது, ஆனால் புள்ளியியல் கணக்கில் நிற்கும் அளவுக்கு இல்லை. மவுத்வாஷ் குழுவிலோ 24 மணி நேரத்திலேயே படலத்தில் குறைவு தெரிந்துவிட்டது.

2015இல் கேரளத்தில் 60 இளைஞர்களை வைத்துத் தேங்காயெண்ணெயை 30 நாள் பார்த்தார்கள். படலமும் ஈறு வீக்கமும் குறைந்தன. ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க எண்ணெய் இல்லாத இன்னொரு குழு கிடையாது. ஆய்வில் சேர்ந்துவிட்டோம் என்பதற்காகவே ஒழுங்காகப் பல் துலக்கியிருக்கவும் கூடும், இல்லையா?

இதையெல்லாம் படித்துவிட்டு நான் வந்து நின்ற இடம் இது: எண்ணெய் பாக்டீரியா எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைக்கிறது. ஆய்வுகள் சிறியவை, சில வாரங்களோடு முடிபவை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் இதைப் பரிந்துரைப்பதில்லை. விழுந்த சொத்தையை எண்ணெய் மூடாது. இறுகிப்போன காரையைக் கரைக்காது. இரண்டு பற்கள் ஒட்டி நிற்கும் இடுக்கில் அதற்குப் பெரிய வேலை இல்லை. என் சொத்தை அங்கேதான் இருந்தது.

ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பத்து நிமிடம் கொப்பளித்ததும் எண்ணெய் வெள்ளை வெளேரென்று நுரைத்து வரும். "பார், உடம்பிலிருக்கிற நச்செல்லாம் வெளியே வருது" என்பார்கள். நானும் நம்பி, இன்றைக்கு எவ்வளவு வெள்ளை என்று குனிந்து பார்ப்பேன். மோரைக் கடைந்தால் நுரைப்பதில்லையா, அதுபோல எண்ணெயும் எச்சிலும் கலந்த நிறம் அது. வாயில் ஒரு பாக்டீரியாகூட இல்லாவிட்டாலும் வெள்ளையாகத்தான் வரும்.

2. எண்ணெய் பாட்டிலைத் திறக்குமுன் ஒருமுறை பல் டாக்டர்

நான் தவறவிட்ட படி இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

வேர் சிகிச்சையின் இரண்டாவது சந்திப்பில் டாக்டர் என் பற்களில் இளஞ்சிவப்புச் சாயம் ஒன்றைத் தடவி, வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, கையில் கண்ணாடியைக் கொடுத்தார். படலம் இருக்கும் இடத்தில் மட்டும் சாயம் ஒட்டி நிற்குமாம். அன்று காலையும் பத்து நிமிடம் எண்ணெய் கொப்பளித்துவிட்டுத்தான் போயிருந்தேன். முன்பற்களின் நடுப்பகுதி சுத்தமாக இருந்தது. ஈறு ஓரத்தில் ஒரு கோடு, ஒவ்வோர் இடுக்கிலும் ஒரு முக்கோணம், கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்புறம் முழுக்க ரோஸ் நிறம். நாற்பத்தோரு வயதில் பல் துலக்கத் தெரியாதவன் என்று கண்ணாடி சொன்னது. நீங்களும் டாக்டரிடம் இந்தச் சாயத்தைக் கேளுங்கள். எல்லா இடத்திலும் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஐந்து நிமிடம் ஆறு மாத எண்ணெயை விட எனக்கு உதவியது.

எடுத்துப் போக வேண்டியவை:

- பழைய மருந்துச்சீட்டு, பழைய பல் எக்ஸ்ரே இருந்தால் அதுவும். என்னுடையது முந்தைய கிளினிக்கிலேயே தங்கிவிட்டது. போய்க் கேட்டபோது "தேடித் தர்றோம்" என்றார்கள், இன்னும் தேடுகிறார்கள். மறுபடி எடுக்க 250 ரூபாய். எக்ஸ்ரே எடுத்ததும் அங்கேயே நின்று உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொல்லிவிடுங்கள்.
- தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை. பெயரை எழுதிப் போனால் எழுத்துப்பிழை வரும், அட்டையையே கொண்டு போங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.
- சர்க்கரை இருந்தால் கடைசியாக எடுத்த மூன்று மாதச் சராசரி ரிப்போர்ட். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாமல் ஈறு நோய் லேசில் அடங்காது.
- அரசு மருத்துவமனை என்றால் ஆதார், கைப்பேசி. ஓ.பி. சீட்டுப் போடக் கேட்பார்கள்.

செலவு: நான் திருச்சியில் ஒரு தனியார் கிளினிக்கில் பல் சுத்தம் செய்ததற்கு 1,000 ரூபாய் கொடுத்தேன். ஊருக்கு ஊர், கிளினிக்குக்குக் கிளினிக் மாறும். உட்காருமுன்பே கேட்டுவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கையைக் கடிக்கிறது என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பல் பிரிவு உண்டு. அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் இருக்கின்றன. அரசு இடங்களில் காலை எட்டு மணிக்குள் வரிசைக்குப் போய்விடுங்கள், முற்பகலோடு சீட்டு முடிந்துவிடும். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கட்டணம் குறைவுதான். மாணவர்கள் பார்ப்பார்கள், பேராசிரியர் வந்து சரிபார்ப்பார். ஒரு பல்லுக்கு நாலு முறை போக வேண்டியிருக்கும், அரை நாள் லீவு போட்டுத்தான் போக வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டை நம்பி இறங்காதீர்கள். விபத்தில் அடிபட்டால் தவிர, சாதாரணப் பல் வைத்தியத்துக்குப் பெரும்பாலான பாலிசிகள் பணம் தருவதில்லை. அலுவலகக் குழு பாலிசியில் வெளிநோயாளிச் செலவு சேர்ந்திருக்கலாம், மனிதவளப் பிரிவில் கேளுங்கள். அச்சடித்த பில்லும் அதில் டாக்டரின் பதிவு எண்ணும் இருந்தால்தான் அந்தப் பணமும் வரும்.

காரை இருந்தால் அதை எடுத்த பிறகு எண்ணெயைத் தொடங்குங்கள். காரையை வைத்துக்கொண்டு மேலே எண்ணெய் சுழற்றுவது, பாசி பிடித்த தொட்டியில் மேலாகத் தண்ணீர் மாற்றுவது மாதிரி.

3. எந்த எண்ணெய், எவ்வளவு

நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும்தான் நம் பக்கம் நடைமுறையில் இருப்பவை. தேங்காயெண்ணெயில் பாதிக்குக் கிட்ட லாரிக் அமிலம், அதற்குக் கிருமிகளை எதிர்க்கும் குணம் உண்டு என்பார்கள். எது மேல் என்று சண்டை போடும் அளவுக்கு ஆதாரம் இல்லை. வாய்க்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தேங்காயெண்ணெய் குமட்டியது, நல்லெண்ணெய்க்கு வந்துவிட்டேன்.

ஒரு நாளைக்கு 10 மில்லி, இருமல் மருந்து மூடியில் அளந்துகொள்ளலாம். மாதம் 300 மில்லி. நான் செக்கில் லிட்டர் 420 ரூபாய்க்கு வாங்குகிறேன், மாதம் 126 ரூபாய் ஆகிறது. 'ஆயில் புல்லிங்கிற்கென்றே' புதினா, கிராம்பு சேர்த்து 200 மில்லி பாட்டிலில் விற்பதை ஒருமுறை வாங்கினேன். வாசனை நன்றாக இருந்தது, விலையும் அதற்குத்தான் போலிருக்கிறது. சமையலுக்கு வாங்கும் எண்ணெயே போதும். ஒன்று மட்டும், விளக்கேற்ற விற்கும் தீப எண்ணெயை எடுத்துவிடாதீர்கள். பூஜை அலமாரியில் இருப்பது சாப்பிடும் தரத்தில் இருக்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை.

4. காலையில் பத்து நிமிடம்

வெறும் வயிற்றில், பல் துலக்குமுன். சாப்பிட்ட பிறகு செய்தால் குமட்டும்.

எண்ணெயை வாயில் விட்டதும் முதல் ஒரு நிமிடம் கெட்டியாக இருக்கும், துப்பிவிடத் தோன்றும். எச்சில் சேரச் சேர இளகிவிடும். கன்னத்தை உப்ப வேண்டாம். பல்லிடுக்குகளின் வழியாக மெதுவாக இழுத்து விடுவதுதான் இதன் முறை. நான் முதல் வாரம் வாஷிங் மெஷின் மாதிரிச் சுழற்றி, நாலாம் நாள் தாடை பிடித்துக்கொண்டு இட்லியைக்கூட மென்று தின்ன முடியவில்லை. தாடை நோவு வந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

இருபது நிமிடம் என்று பலர் சொல்வார்கள். அந்தச் சென்னை ஆய்வு நடந்தது பத்து நிமிடத்தில்தான். முதல் வாரம் ஐந்து நிமிடம், அப்புறம் பத்து, அவ்வளவு போதும். உட்கார்ந்து செய்யுங்கள். தலையை அண்ணாந்து தொண்டையில் களகளவென்று கொப்பளிக்கவே கூடாது. காரணத்தை ஏழாவது படியில் சொல்கிறேன்.

அந்தப் பத்து நிமிடத்தில் யாராவது கூப்பிடுவார்கள், அது தப்பாது. பால்காரர் சில்லறை கேட்பார். நான் சைகையில் பேசுவதைப் பார்த்து என் அம்மா "யார்கிட்டடா இவ்வளவு கோவம்?" என்று கேட்டார். வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எண்ணெயை விழுங்காதீர்கள். தவறி ஒரு மடக்கு உள்ளே போனால் பயப்பட ஒன்றுமில்லை, வயிறு கொஞ்சம் இளகலாம்.

5. எங்கே துப்புவது

இதற்கு ஒரு தனித் தலைப்பா என்று நினைக்கலாம். எனக்கு 600 ரூபாய் செலவானதால் தனித் தலைப்பு.

தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் வாஷ்பேசினில் துப்பினால் குழாய்க்குள் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நான் யோசிக்கவில்லை. பிளம்பர் பேசினுக்கு அடியிலிருந்த கிண்ணத்தைக் கழற்றியபோது மெழுகுவர்த்தித் துண்டு போல ஒன்று விழுந்தது, நடுவே என் வீட்டார் எல்லாருடைய தலைமுடியும். நல்லெண்ணெய் உறையாது என்றாலும் முடியோடும் சோப்போடும் சேர்ந்து நாளாவட்டத்தில் அடைக்கும்.

இப்போது செய்வது: கழுவிக் காயவைத்த பால் கவரில் பழைய செய்தித்தாளைக் கசக்கிப் போட்டு அதில் துப்புகிறேன். தாள் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். கவரை முடிச்சுப் போட்டுக் குப்பையில் போட்டுவிடலாம். செடிக்கு ஊற்றாதீர்கள்.

துப்பியதும் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று முறை வாய் கொப்பளியுங்கள்.

6. அப்புறம் பல் துலக்க வேண்டும், ஆமாம்

எண்ணெய் கொப்பளித்தாயிற்று, பிரஷ் எதற்கு என்று நான் சில காலைகளில் விட்டதுண்டு. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பேன் என்றால் இந்தப் படியை வையுங்கள்.

ஒட்டியிருக்கும் படலத்தைப் பெயர்ப்பது பிரஷ்ஷின் உராய்வு. எனாமல் கரைவதைத் தடுப்பது பேஸ்ட்டில் உள்ள ஃபுளோரைடு. டியூபின் பின்புறம் பொடி எழுத்தில் ஃபுளோரைடு அளவு 1000 பி.பி.எம். அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சில மூலிகைப் பேஸ்ட்டுகளில் ஃபுளோரைடே இருக்காது. வரிசை முக்கியம்: எண்ணெய் முதலில், பேஸ்ட் கடைசியில். மாற்றிச் செய்தால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடு எண்ணெயோடு போய்விடும். துலக்கியதும் நுரையைத் துப்பினால் போதும், டம்ளர் டம்ளராகத் தண்ணீர் விட்டு அலச வேண்டியதில்லை.

இரவும் துலக்குங்கள். பல்லிடுக்குக்கு ஃபிளாஸ் நூலோ சின்னப் பாட்டில் பிரஷ் போன்ற இடுக்குப் பிரஷ்ஷோ வேண்டும். சாயப் பரிசோதனையில் நான் பார்த்த அந்த முக்கோணங்கள் இதற்கு மட்டுமே போயின.

டாக்டர் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எழுதிக் கொடுத்திருந்தால் அந்த நாள்களில் எண்ணெயை நிறுத்திவிடலாம், இரண்டும் வேண்டாம். மவுத்வாஷுக்கும் பேஸ்ட்டுக்கும் நடுவே அரை மணி இடைவெளி விடுங்கள், பேஸ்ட்டின் நுரைப்பொருள் மருந்தின் வேகத்தைக் குறைக்கும். அவர் சொன்ன நாள்களுக்கு மேல் நீங்களாகத் தொடராதீர்கள். பல்லில் பழுப்புக் கறை படியும், சாம்பாரின் ருசிகூட மாறிப்போகும்.

7. யாருக்கு இது வேண்டாம்

சிறு குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள், விழுங்கிவிடுவார்கள். பக்கவாதம் வந்தவர்கள், விழுங்குவதில் சிரமம் உள்ள முதியவர்கள், சளியும் இருமலுமாக மூக்கடைத்திருப்பவர்கள் செய்யக் கூடாது. எண்ணெய் புரையேறி நுரையீரலுக்குள் போனால் கொழுப்பு நிமோனியா என்ற ஒருவகை அழற்சி வரும். ஆயில் புல்லிங் செய்தவர்களுக்கு அப்படி வந்ததை மருத்துவ இதழ்களில் பதிவு செய்திருக்கிறார்கள். அரிதுதான், ஆனால் எண்ணெயை நுரையீரலிலிருந்து திரும்ப எடுப்பது எளிதில்லை. அண்ணாந்து கொப்பளிக்காதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

எள் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு நல்லெண்ணெய் ஆகாது. தாடை மூட்டு ஏற்கெனவே 'டக்'கென்று சத்தம் போடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றி மாட்டும் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

8. எழுதி வையுங்கள்

தினசரிக் காலண்டர் தாளின் மூலையில் ஒரு குறி போதும். நான் இரண்டு விஷயம் குறிக்கிறேன்: துலக்கித் துப்பும்போது ரத்தம் இருந்ததா, குளிர்ந்த தண்ணீர் எந்தப் பல்லிலாவது சுரீரென்றதா. தொடங்கும் நாளில் ஈறைக் கைப்பேசியில் ஒரு படம், பதினைந்தாம் நாள் அதே விளக்கின் கீழ் இன்னொரு படம். வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்தால் எல்லா ஈறும் சிவப்பாகத்தான் தெரியும்.

இரண்டு வாரத்தில் ரத்தம் குறையவே இல்லை என்றால் எண்ணெயைக் கூட்டாதீர்கள், நல்லெண்ணெயிலிருந்து தேங்காயெண்ணெய்க்கும் மாறாதீர்கள். டாக்டரிடம் போங்கள். குறைந்துவிட்டது என்றாலும் மகிழ்ச்சியில் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள், நான் அப்படித்தான் விட்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது டாக்டர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

இவை வந்தால் அடுத்த காலைவரைகூடக் காத்திருக்க வேண்டாம்: இரவில் எழுப்பும் பல்வலி, கன்னத்தில் அல்லது தாடையில் வீக்கம், ஈறில் சீழ்க் கொப்புளம், வாயைத் திறக்க முடியாமை, வலியோடு காய்ச்சல். எனக்கு அந்தப் பல் மூன்று வாரமாக ஐஸ் தண்ணீருக்குக் கூசிக்கொண்டிருந்தது. நான் எண்ணெயைப் பத்து நிமிடத்திலிருந்து இருபது நிமிடமாக்கினேன். கூச்சம் தானாக நின்றபோது எண்ணெய் கேட்டுவிட்டது என்று வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன். உள்ளே நரம்பு செத்துப்போனால் கூச்சம் நின்றுவிடும் என்று டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டியபோதுதான் தெரிந்தது.